சி.என்.ஜி. கார் வாங்குமுன் ஒரு கணக்கு

நம்மிடம் வரும் கடிதங்களில் நூல் விலையும் சாய விலையும் பூ விலையும் பேசப்படுவது வழக்கம். அண்மைக் காலமாக அவற்றோடு வேறொரு கேள்வியும் சேர்ந்து வருகிறது. "சி.என்.ஜி. வாயுவில் ஓடும் சிறிய கார், பின்னால் டிக்கி உள்ளதாக, ஒன்று வாங்கலாமென்று இருக்கிறோம், பெட்ரோலில் பாதிச் செலவுதான் ஆகும் என்கிறார்கள், அது மெய்தானா?" என்பதே அக்கேள்வி. கேட்பவர்களில் செல்லூரிலும் நிலையூரிலும் தறி வைத்திருப்போர் உண்டு. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்தில் மல்லிகை பயிரிடுவோரும், சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்போரும் உண்டு. எட்டு லட்சம் ரூபாய் என்பது இவர்களில் எவருக்கும் சிறு தொகை அன்று. மகள் கல்யாணத்திற்கென்று சேர்த்ததை முன்பணமாகக் கட்டிவிட எண்ணுவோரும், வீட்டு நகையைப் பாங்கியில் வைத்து மீதத்தைத் திரட்ட நினைப்போரும் இவர்களுள் அடக்கம். ஆதலின் விற்பவர் சொல்லும் கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், நாமே ஒருமுறை உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்ப்பது நலம்.

வாயுவைக் கொண்டு வண்டி ஓட்டுவது மதுரைக்குப் புதிய சங்கதி அன்று. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைப்பது அரிதாகிவிட்ட சமயத்தில், இந்நகரத்து டி. வி. சுந்தரம் அய்யங்கார் கரிவாயு உண்டாக்கும் சாதனமொன்றை அமைத்துத் தந்தார். டி.வி.எஸ். காஸ் பிளாண்ட் என்ற பெயரில் அது வழங்கியது. கரியைக் குறைந்த காற்றில் எரித்து, அதினின்று எழும் வாயுவை எஞ்சினுக்குள் செலுத்தி, அக்காலத்தில் வண்டிகளை ஓட்டினார்கள். வண்டி ஓடியது, ஆனால் ஏற்றத்தில் திணறியது. மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கி நடந்ததை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் நம்மில் இன்றும் இருப்பார்கள். இன்றைய சி.என்.ஜி. அந்தக் கரிவாயுவினும் எவ்வளவோ மேலானது. எனினும் "மலிவு, ஆனால் சற்று வலுக் குறைவு" என்ற அந்தப் பழைய இலக்கணம் இதனிடத்திலும் ஓரளவு தங்கியிருப்பதைப் பின்னால் காண்போம்.

சி.என்.ஜி. என்பது பெரும்பாலும் மீத்தேன். பூமிக்கடியில் கிடைக்கும் இயற்கை வாயுவை, வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தத்தில் உருளைக்குள் அடைத்து வண்டியில் வைக்கிறார்கள். நம் சமையலறைச் சிலிண்டரில் இருப்பதும், மதுரை ஆட்டோக்கள் பலவற்றில் ஓடுவதும் வேறு வாயு, அது எல்.பி.ஜி. சிறிதளவு அழுத்தத்திலேயே திரவமாகிவிடும் அவ்வாயு காற்றைவிடக் கனமானது. மீத்தேனோ காற்றைவிட இலேசானது. இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணி, வீட்டுச் சிலிண்டரையே காரில் மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டு ஒருவர் எழுதியிருந்தார். கூடவே கூடாது. அது சட்டப்படி குற்றம் என்பதோடு உயிருக்கும் ஆபத்து.

நம் நாட்டில் இவ்வாயு பெருவழக்காக வந்தது தலைநகரில்தான். 1998-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின் பேரில், டில்லி நகரப் பேருந்துகள் யாவும் 2002-ஆம் ஆண்டு முடிவதற்குள் டீசலை விட்டு சி.என்.ஜி.க்கு மாறின. தமிழ்நாட்டிற்கு அது வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. காரணம் குழாய் இல்லாமையே. எண்ணூரில் ஆண்டுக்கு ஐம்பது லட்சம் டன் திரவ வாயுவை இறக்கக்கூடிய முனையம் 2019-இல் செயல்படத் தொடங்கியது. இராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரை 143 கிலோமீட்டர்க் குழாய் 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மதுரையைச் சார்ந்த பகுதியில் வாயு விநியோகம் செய்யும் உரிமை 2022-இல் இந்தியன் ஆயில் கார்ப்பரேஷனுக்குக் கிடைத்தது. அதன் பின்னரே "மதுரையில் சி.என்.ஜி. கார் வாங்கலாமா" என்ற கேள்விக்கே பொருள் உண்டாயிற்று.

குழாய் வந்து சேராத இடங்களிலும் பங்க் திறக்க வழியுண்டு. பெரிய நிலையமொன்றில் நிரப்பிய உருளைக் கட்டுகளை லாரியில் ஏற்றி வந்து நிறுத்தி, அதிலிருந்து கார்களுக்கு நிரப்புவார்கள். இதை வாசகர்கள் தெரிந்துகொள்வது அவசியம்; ஏனெனில் இத்தகைய பங்க்கில் லாரி வந்தவுடன் நிரப்புவோருக்கு முழு அழுத்தம் கிடைக்கும்; கட்டுக் காலியாகும் நேரத்தில் வருவோருக்கு உருளை முக்கால்வாசி நிரம்பினாலே பெரிது. எடைக்குத்தான் காசு என்பதால் பணம் நஷ்டமில்லை. ஆனால் 170 கிலோமீட்டர் ஓடும் என்று எண்ணிப் புறப்பட்டவர் 120-இலேயே மறுபடி பங்க்கைத் தேட நேரும். வெயிலும் இதில் கொஞ்சம் கை வைக்கிறது. ஒரே அழுத்தத்தில் சூடான வாயு குறைந்த எடையே அடங்கும்; ஆகையால் சித்திரை மாத நண்பகலில் நிரப்புவதைவிட விடியற்காலையில் நிரப்பினால் சற்றுத் தூரம் கூடுதலாகக் கிடைக்கும்.

இனி வண்டிகளைப் பார்ப்போம். தொழிற்சாலையிலேயே சி.என்.ஜி. பொருத்தி வரும் சிறு செடான் கார்களில், நம்மவர்கள் விசாரிப்பவை மூன்று: மாருதி டிசையர், ஹூண்டாய் ஆரா, டாடா டிகோர். மூன்றும் நான்கு மீட்டர் நீளத்திற்கு ஐந்து அல்லது ஏழு மில்லிமீட்டர் குறைவு. மூன்றின் எஞ்சினும் 1,200 சி.சி.யைத் தொட்டும் தொடாமலும் நிற்கின்றன. இது தற்செயல் அன்று. இவ்வளவுக்கு உட்பட்ட பெட்ரோல், வாயுக் கார்களுக்கு அரசாங்கம் வரியைக் குறைவாக வைத்திருப்பதே காரணம். முன்பு 28 சதவிகித ஜி.எஸ்.டி.யும் அதன்மேல் 1 சதவிகித மேல்வரியும் இருந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் இவை நீங்கி 18 சதவிகிதம் மட்டுமே விதிக்கப்படுகிறது. நூற்று இருபத்தொன்பது ரூபாய்க்கு விற்ற பொருள் நூற்றுப் பதினெட்டுக்கு வந்தது போல என்று கொண்டால், விலையில் எட்டரை சதவிகிதம் இறங்கவேண்டும். பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு பேரம் பேசுவோர் இதை மறக்கலாகாது.

டிசையரின் இப்போதைய வடிவம் 2024 நவம்பரில் வெளியானது. அன்று அதன் நடுத்தர வகை பெட்ரோலில் 7.79 லட்சமும், அதே வகை சி.என்.ஜி.யில் 8.74 லட்சமும் எக்ஸ்-ஷோரூம் விலையாக அறிவிக்கப்பட்டன. வித்தியாசம் 95,000 ரூபாய். நம்முடைய கேள்வியின் மூலஸ்தானம் இதுவே. கார் வேண்டுமா, வேண்டாமா என்பதை வேறொரு நாள் தீர்மானிக்கலாம். வேண்டும் என்று தீர்மானித்த பிறகு, பெட்ரோல் வண்டியைக் காட்டிலும் இவ்வளவு கூடுதலாகக் கொடுத்து வாயு வண்டி வாங்கினால், அக்கூடுதல் தொகை எப்பொழுது திரும்பி வரும் என்பதே அறியவேண்டியது.

வரிக் குறைப்புக்குப் பின் இந்த வித்தியாசத்தை, கணக்கு எளிதாக இருக்கும் பொருட்டு, 90,000 ரூபாய் என்று கொள்வோம். விற்பவர் தாளில் இத்தொகையோடு நின்றுவிடுவார், நாம் நிற்கலாகாது. தமிழ்நாட்டில் 2023 முதல், ஐந்து லட்சத்திற்கு மேல் பத்து லட்சம் வரை விலையுள்ள காருக்கு ஆயுட்கால வரி 13 சதவிகிதம். கூடுதலான தொண்ணூறாயிரத்திற்கும் இவ்வரி உண்டல்லவா? அது 11,700 ரூபாய். ஆக 1,01,700. இதைக் கடனாகவே வாங்குகிறோம் என்று வைத்துக்கொண்டால், 9 சதவிகித வட்டியில் ஐந்தாண்டுத் தவணைக்கு ஏறத்தாழ 25,000 ரூபாய் வட்டி சேரும். எனவே தொண்ணூறாயிரம் என்று நாம் எண்ணியது உண்மையில் 1,26,700 ரூபாய். (வண்டியின் விலை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டால் ஆயுட்கால வரி 18 சதவிகிதமாக ஏறிவிடும். மேல்வகை சி.என்.ஜி. கார்களில் அலங்காரங்களைச் சேர்த்துக்கொண்டே போவோர், எல்லைக்கோட்டை எங்கே கடக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.)

இனி மிச்சத்தின் பக்கம். ஒரு கிலோ வாயுவில் அடங்கிய வெப்பம் ஏறக்குறைய 1.4 லிட்டர் பெட்ரோலின் வெப்பத்திற்குச் சமம். ஆகவே ஒரு கிலோ வாயு ஒரு லிட்டர் பெட்ரோலைவிடக் கூடுதலான தூரம் ஓட்டும் என்பது மாயமன்று. கிலோவையும் லிட்டரையும் நேருக்கு நேர் ஒப்பிடுவதால் வரும் தோற்றமே. கம்பெனிக் கணக்குப்படி டிசையர் லிட்டருக்கு 24.79 கிலோமீட்டரும், கிலோவுக்கு 33.73 கிலோமீட்டரும் ஓடுகிறது. இவை சோதனைக் கூடத்து எண்கள். கோரிப்பாளையத்து நெரிசலும் சித்திரை வீதிகளும் அந்தக் கூடத்தில் கிடையா. நாம் பெட்ரோலுக்கு 18, வாயுவுக்கு 25 என்று தாழ்த்தியே கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், வாயு கிலோ 90 ரூபாய் என்றும் கொள்வோம். இவை நாளுக்கு நாள் மாறுபவை. வாசகர்கள் தாம் வாங்கும் நாளைய விலையை இவ்விடத்தில் போட்டுக்கொள்ளவேண்டும். இக்கணக்கில் பெட்ரோல் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 56 காசும், வாயு வண்டிக்கு 3 ரூபாய் 60 காசும் ஆகின்றன. மிச்சம் 1 ரூபாய் 96 காசு. பாதிச் செலவு என்பது சரியன்று. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மிச்சம் என்பதே சரி.

1,26,700 ரூபாயை இம்மிச்சத்தால் வகுத்தால் ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர் வருகிறது. அவ்வளவு தூரம் ஓடிய பிறகே நம் கைப்பணம் நம் கைக்கு வரும். கடன் வாங்காமல் ரொக்கமாகக் கொடுப்பவருக்கு இது 52,000 கிலோமீட்டராகக் குறையும்.

இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு இருவரை எண்ணிப் பார்க்கலாம். நிலையூரில் தறி வைத்திருப்பவர் ஒருவர், வாரத்தில் இரண்டு மூன்று முறை நகரத்துக்குள் வருகிறார். ஆண்டில் இரண்டு தடவை சேலை மாதிரிகளுடன் சென்னைக்குப் போய் வருகிறார். குடும்பத்தோடு கோயில் குளம், கல்யாணம் காட்சி என்று கொஞ்சம். எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டருக்கு மேல் இராது. இவருக்குக் கூடுதல் விலை திரும்பிவர எட்டு ஆண்டுகள் ஆகும். மற்றொருவர் உசிலம்பட்டியில் மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பதோடு அக்கம்பக்கத்தார் பூவுக்கும் தரகு பார்ப்பவர். நாள்தோறும் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு வந்து திரும்புகிறார். போக வர எண்பது கிலோமீட்டர். ஆண்டில் முந்நூறு நாள் என்றால் 24,000 கிலோமீட்டர். இவருக்கு மூன்றாண்டு முடியுமுன்பே தொகை திரும்பிவிடும். அதற்கப்பால் ஆண்டுதோறும் நாற்பத்தாறாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். ஒரே வண்டி, ஒரே பங்க், ஒரே விலை. ஒருவருக்கு லாபம், மற்றவருக்கு வெறும் பேச்சு. நிலையூர்க்காரர் பெட்ரோல் வண்டியை, அதிலும் குறைந்த வகையை வாங்கி, தொண்ணூறாயிரத்தை நூலில் போடுவது நல்லது என்பதே நமது அபிப்பிராயம்.

இதிலும் ஒரு நிபந்தனை உண்டு. பங்க் வழியில் இருக்கவேண்டும். டிசையரின் உருளை 55 லிட்டர். இந்த லிட்டர்க் கணக்கைக் கேட்டு ஐம்பத்தைந்து லிட்டர் பெட்ரோலுக்கு ஈடாக வாயு அடங்கும் என்று மயங்குவோர் பலர். அது அவ்வுருளையில் எவ்வளவு தண்ணீர் கொள்ளும் என்ற அளவு மட்டுமே. எடைக்கு எட்டுக் கிலோ அளவில் ஏறலாம். ஏழு கிலோ என்று கொள்வது பத்திரம். ஏழு கிலோவுக்கு 175 கிலோமீட்டர்; ஒருமுறை நிரப்பினால் 342 ரூபாய் மிச்சம். பங்க் நம் வழியை விட்டு எட்டுக் கிலோமீட்டர் தள்ளி இருந்தால், போக வரப் பதினாறு கிலோமீட்டர் வாயு நிரப்பவே போய்விடுகிறது. மிச்சம் 253 ரூபாயாகச் சுருங்குகிறது. கால் பங்குக்கு மேல் போயிற்று. வரிசையில் நிற்கும் அரைமணிக்கு யாரும் கூலி போடுவதில்லை. ஆனால் விடியுமுன் பறித்த மல்லிகைக்கு அந்த அரைமணியும் விலைதான். ஆகையால் காரைப் பார்க்கப் போகுமுன், தாம் வழக்கமாகப் போகும் சாலையில் எத்தனை பங்க்குகளில் சி.என்.ஜி. உண்டு, அவற்றில் எந்நேரத்தில் கூட்டம், எத்தனை நாள் "ஸ்டாக் இல்லை" என்ற பலகை தொங்குகிறது என்பதை ஒரு வாரம் குறித்து வைத்தல் வேண்டும். திண்டுக்கல், திருச்சி நெடுஞ்சாலையில் போவோருக்கு இருக்கும் வசதி பேரையூர்ப் பக்கத்துக் கிராமத்தாருக்கு இருக்கவேண்டுமென்பதில்லை.

வாயு தீர்ந்துவிட்டால் வண்டி நின்றுவிடுமோ என்று அஞ்சவேண்டியதில்லை. இவ்வண்டிகளில் பெட்ரோல் தொட்டியும் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். ஆனால் பெட்ரோலைச் சொட்டு இல்லாமல் வற்றவிடுவதும், ஆறு மாதம் தொடாமல் கிடக்கவிடுவதும் தவறு. வாரத்தில் சில கிலோமீட்டராவது பெட்ரோலில் ஓட்டவேண்டும்.

டிக்கி விஷயத்தைத் தனியே சொல்லியாகவேண்டும். நம்மவர்களுக்கு அது வெறும் வசதி அன்று, தொழில். செடான் காரை நாடுவதே பின்னால் நான்கு மூட்டை வைக்கலாம் என்பதற்காகத்தான். பெட்ரோல் டிசையரில் டிக்கி 382 லிட்டர் கொள்ளளவு. அதிலே பீப்பாய் போன்ற உருளை ஒன்றைக் குறுக்கே கிடத்தினால் என்ன மிஞ்சும் என்பதை நேரில் பார்த்தாலொழிய நம்பமாட்டீர்கள். டாடா கம்பெனியார் 2023 ஆகஸ்டு முதல் ஒரு பெரிய உருளைக்குப் பதிலாக இரண்டு சிறிய உருளைகளை டிக்கியின் அடித்தளத்தில் வைத்து, மேலே பலகை மூடித் தருகிறார்கள். அதனால் டிகோரில் மூட்டை வைக்கத் தட்டையான இடம் கிடைக்கிறது. வாயுவுக்குக் கிலோமீட்டர்க் கணக்கில் அது டிசையரைவிடக் குறைவுதான். ஆயினும் சுங்குடிச் சேலைக் கட்டுகளை மடிப்புக் கலையாமல் கொண்டுபோக வேண்டியவருக்கு அந்தக் குறை பெரிதன்று. ஷோரூமுக்குப் போகும்போது தம்முடைய வழக்கமான கட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் டிக்கியில் வைத்துப் பார்க்கும்படி சொல்லுகிறோம். சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். ஸ்டெப்னி டயர் எங்கே இருக்கிறது, பஞ்சரானால் மூட்டைகளை இறக்காமல் அதை எடுக்க முடியுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பூக்கூடையும் காய்கறிச் சாக்கும்தான் முக்கிய வேலை என்றால் செடான் காரே வேண்டியதில்லை. வாடகைக்குக் கிடைக்கும் குட்டி யானை போதும்.

வலுக் குறைவு என்று முதலில் சொன்னோம். வாயு எஞ்சினுக்குள் நுழையும்போது காற்று நுழையவேண்டிய இடத்தில் கொஞ்சத்தைத் தானே அடைத்துக்கொள்கிறது. காற்றுக் குறைந்தால் எரிவது குறையும். எரிவது குறைந்தால் இழுப்புக் குறையும். டிசையர் பெட்ரோலில் ஏறத்தாழ 82 குதிரைத்திறன் தருகிறது, வாயுவில் 70. அதோடு உருளையும் அதைத் தாங்கும் சட்டங்களுமாக ஏறத்தாழ நூறு கிலோ எடை கூடுகிறது; எந்நேரமும் இரண்டு ஆட்களைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு போவதற்கு ஒப்பு. மதுரைச் சமவெளியில் இது தெரியாது. வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலைச்சாலையில், ஐந்து பேரும் ஏ.சி.யும் சேர்ந்தால் தெரியும். அங்கே பொத்தானை அழுத்திப் பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்வதே அறிவுடைமை. ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும்போதும் விற்பவர் ஒருவரை மட்டும் ஏற்றிக்கொண்டு தட்டையான சாலையில் சுற்றி வருவதில் பயனில்லை. வீட்டார் நால்வரையும் ஏற்றி, ஏ.சி.யைப் போட்டு, வாயுவிலேயே ஓட்டி, நத்தம் சாலையில் 2023-இல் திறக்கப்பட்ட மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டி எப்படி இழுக்கிறது என்று பார்க்கவேண்டும்.

அபாயத்தைப் பற்றிய அச்சம் பெண்டிரிடத்தில் அதிகம் என்று கடிதங்களிலிருந்து தெரிகிறது. அந்த அச்சத்தை நகைப்பது முறையன்று. இருநூறு மடங்கு அழுத்தம் விளையாட்டில்லை. ஆனால் மீத்தேன் காற்றைவிட இலேசானது என்பதால், திறந்த வெளியில் கசிந்தால் தரையில் தேங்காமல் மேலே போய் கலைந்துவிடும். தீப்பற்றவும் பெட்ரோலைவிட அதிக வெப்பம் தேவை. மணமற்ற வாயுவாகையால், கசிந்தால் தெரியும்படி நாற்றமுள்ள பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். எனினும் மேலே போகும் அதே குணம், மூடிய கொட்டகையில் பகையாகிவிடும். கசிந்த வாயு கூரையடியில் தங்கும். நம் வீடுகளில் கார் நிறுத்தும் இடமும், நூல் சிப்பங்களும் பாவும் வைக்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றே. அங்கே மேற்புறம் காற்றுப் போக்குக்குத் திறப்பு வைக்காமல் சி.என்.ஜி. காரை நிறுத்தலாகாது, சாயப்பட்டறை அடுப்பின் அருகிலும் ஆகாது. நாற்றம் வந்தால் விளக்கின் சுவிட்சைப் போடுவதும் அணைப்பதும் கூடாது. கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடவேண்டும். பங்க்கில் நிரப்பும்போது எல்லோரும் இறங்கி நிற்கச் சொல்வார்கள். குழந்தை தூங்குகிறது என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு லட்சம் கடனுக்கு 9 சதவிகித வட்டியில் ஐந்தாண்டுத் தவணை மாதம் 12,455 ரூபாய். ஏழாண்டுத் தவணை 9,653 ரூபாய். மாதம் 2,800 ரூபாய் குறைகிறதே என்று ஏழாண்டை விரும்புவோர், மொத்தத்தில் அறுபத்து மூவாயிரம் ரூபாய் அதிகமாக வட்டி கட்டுகிறார்கள். வாயுவில் மிச்சம் பிடிப்பதற்காக வாங்கிய வண்டி, அந்த மிச்சத்தைப் பாங்கிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வண்டியாகிவிடும். ஆடி மாதத்தில் தறி நிற்கும்போதும், மார்கழிப் பனியில் பூ வரத்துக் குறையும்போதும் தவணை நிற்காது. ஆகவே கடந்த பன்னிரண்டு மாதத்தில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் வாடகைக் காருக்கும் உண்மையாகச் செலவிட்டது எவ்வளவு என்று நோட்டில் எழுதிக் கூட்டி, அதை மாதத் தவணை, இன்ஷூரன்ஸ், எரிபொருள், பழுதுபார்ப்பு ஆகிய நான்கின் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். தவணையை ஈடுகட்ட வண்டியை ஓய்வு நாளில் வாடகைக்கு விடலாம் என்ற யோசனையும் சிலரிடம் இருக்கிறது. வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிடும். வாடகைக்கு ஓட்டவே வாங்குவதானால் முதலிலேயே மஞ்சள் பலகையில் பதிவு செய்யவேண்டும். அப்போது கிலோமீட்டர் கூடுதல் என்பதால் வாயு வண்டிதான் பொருத்தம்.

ஏற்கனவே பெட்ரோல் கார் வைத்திருப்போர், வெளியில் கிட் பொருத்திக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளுக்கும் இதற்கு 2022 ஆகஸ்டில் அனுமதி அளிக்கப்பட்டது. அங்கீகாரம் பெற்ற கிட்டாக இருக்கவேண்டும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யிலும், கம்பெனியில் இன்ஷூரன்ஸ் பத்திரத்திலும் பதியவேண்டும். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் விபத்து நாளில் பணம் வராது. வண்டிக் கம்பெனியின் வாரண்டி என்னாகும் என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

பழைய சி.என்.ஜி. கார் மலிவாக வருகிறதென்று வாங்குவோர்க்கு இறுதியாக ஒரு குறிப்பு. சிலிண்டரை மூன்றாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்தவேண்டும் என்பது விதி. சோதனை செய்த தேதியும் அடுத்த தேதியும் பொறித்த தகடு வண்டியிலேயே இருக்கும். தகடு இல்லையென்றாலும் தேதி கடந்திருந்தாலும் பங்க்கில் நிரப்ப மறுக்கக்கூடும். மறுப்பதே நியாயமும் ஆகும். சோதனைக்குக் கழற்றி அனுப்பி மாட்டுவதற்குச் செலவும் சில நாள் முடக்கமும் உண்டு. ஆகையால் பெயிண்டையும் சீட் உறையையும் பார்ப்பதற்கு முன்னே டிக்கியைத் திறந்து அத்தகட்டைப் படித்து, ஆர்.சி.யில் எரிபொருள் என்ற இடத்தில் சி.என்.ஜி. என்றும் குறித்திருக்கிறதா என்று ஒத்துப் பார்த்து, அதன் பிறகே விலை பேசத் தொடங்கலாம்.